ஒரே சர்வரில் எஞ்சின்எக்ஸும் அப்பாச்சியும்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூர் தேக்காவில் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். வகுப்பின் பழைய பிஎச்பி தளம் அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளில் ஓடுகிறது. அதன் விதிகள் எல்லாம் ஃபோல்டர்களுக்குள் வைக்கப்படும் .எச்டிஆக்சஸ் என்ற அப்பாச்சி அமைப்புக் கோப்புகளில் இருக்கின்றன. இன்னொரு வெப் சர்வரான எஞ்சின்எக்ஸ் அவற்றைப் படிக்காது என்பதால் அப்பாச்சியை விட முடியவில்லை. பிள்ளைகள் வாசித்த கதைகளின் ஒலிப்பதிவுகளுக்கு எஞ்சின்எக்ஸ்தான் வேண்டும்.

80, 443 போர்ட்டுகளை எஞ்சின்எக்ஸுக்குக் கொடுத்து, அப்பாச்சியை சர்வருக்குள்ளேயே எட்டும் 127.0.0.1:8080-க்கு மாற்றிவிட்டேன். ஒலிப்பதிவுகள் நன்றாக வருகின்றன. பழைய தளத்தைத் திறந்தால் மட்டும் 301 (வேறு முகவரிக்குப் போ), மறுபடி 301 என்று சுற்றிக்கொண்டே இருந்து, பிரவுசர் கைவிட்டுவிடுகிறது.

காரணம் புரிகிறது. எச்டிடிபிஎஸ் குறியாக்கம் எஞ்சின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது. அப்பாச்சிக்கு வருவது வெறும் எச்டிடிபி. உடனே அங்குள்ள ரீரைட் விதி 'எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ' என்று திருப்பி அனுப்புகிறது. முதலில் வந்தது எச்டிடிபிஎஸ்ஸா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரை எஞ்சின்எக்ஸிலிருந்து அனுப்பி, அப்பாச்சியின் செட்என்விஇஃப் கட்டளை மூலம் எச்டிடிபிஎஸ்=ஆன் என்றும் வைத்தேன். பிஎச்பி அதை ஏற்கிறது, ரீரைட் விதி ஏற்கவில்லை.

விதியில் அந்த ஹெடரையே பார்க்கச் சொல்லலாமா? இல்லை, விதியை நீக்கிவிட்டு எஞ்சின்எக்ஸிலேயே திருப்புவது நல்லதா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் உள்ளே எத்தனை கோப்புகளில் இதே விதி ஒளிந்திருக்கிறதோ என்று கவலை.

இன்னொன்று: அப்பாச்சி லாகில் வருகிற எல்லாருக்கும் 127.0.0.1 என்றே பதிவாகிறது. உண்மையான ஐபி முகவரியை எடுத்துக்கொள்ளும் மாட்_ரிமோட்ஐபி என்ற அப்பாச்சி மாட்யூல் போதுமா? ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது, அதற்குள் பெற்றோர் கேட்கும்படி தளம் ஓட வேண்டும். இப்படி அமைத்து நடத்துகிறவர்கள் உங்கள் கான்ஃபிக்கைக் காட்டினால் பேருதவியாக இருக்கும்.