இரண்டு துண்டு ராடா, நான்கு துண்டு ராடா?

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் மணக்குடிக் காயலுக்குச் சென்று கொடுவா மீன் பிடிப்பதற்காக 9 அடி ஃப்ளை ராடு (ஃப்ளை எனும் இலேசான செயற்கை இரையை வீசும் தூண்டில் கோல்) ஒன்று வாங்க எண்ணுகிறேன். இரண்டு துண்டாகக் கழல்வது நல்லதா, நான்கு துண்டாகக் கழல்வதா?

பதில்: இரண்டு துண்டு ராடைக் கழற்றினாலும் ஒவ்வொன்றும் நாலரை அடி இருக்குமாதலால், நெரிசலில் அது யார் விலாவில் குத்துமோ என்று அஞ்சியே நிற்க வேண்டும். நான்கு துண்டென்றால் ஒவ்வொன்றும் சுமார் 27 அங்குலம்தான்.

பதில்: துண்டுகளுக்கிடையே இணைப்பு கூடினால் ராடின் வளைவு கெடும் என்பது உலோக இணைப்புக் காலத்துப் பேச்சு, இன்றைய கிராஃபைட் ராடுகளில் அவ்வேறுபாடு கைக்குத் தெரிவது அரிது. ஆனால் வீச வீச இணைப்புகள் தளரும். தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் நான் கவனியாமல் வீசியபோது நுனித்துண்டு கழன்று, தூண்டில் நரம்பில் வழுக்கிக்கொண்டே தண்ணீருக்குள் போய்விட்டது. அவ்வப்போது ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள்.

பதில்: உப்புநீர் பட்ட இணைப்புகளை அன்றே நன்னீரில் கழுவி, உலர்ந்த பின்னரே உறையில் இடுங்கள்.

கேட்டவர்: நன்றி. நான்கு துண்டையே வாங்குகிறேன்.