புதுப்பிப்பு: சேண்ட் வேலியில் எந்தக் கோல்ஃப் கோர்ஸ் முதலில், எந்த கிளப் (மட்டை)

அமெரிக்காவின் விஸ்கான்சினில் கைசர் குடும்பச் சகோதரர்கள் நடத்தும் சேண்ட் வேலி கோல்ஃப் ரிசார்ட் பற்றி முன்பு எழுதியதற்கு, "கார்ட் ஏன் தருவதில்லை?" என்றுதான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். கோர்ஸில் ஏறிச் செல்லும் சிறு வண்டிதான் கார்ட். அதைத் தராததற்குக் காரணம் புல். ஃபேர்வேயில் (குழியை நோக்கிச் செல்லும் புல்வழி) இருப்பது ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல்வகை. மணலில், குறைந்த நீரிலும் உரத்திலும் நன்றாக வளரும். சக்கரம் திரும்பத் திரும்ப ஏறினால் தாங்காது. மருத்துவக் காரணம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தை மாற்றுவதும் இதே தரைதான். மணல் நீரை உடனே வடித்துவிடுவதால் கெட்டியாக இருக்கும். கிரீனுக்கு (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) 30 கெஜத்திலிருந்து 60 டிகிரி வெட்ஜை (பந்தை உயரத் தூக்கும் சாய்முக மட்டை) எடுத்தால், அதன் அடிப்பகுதி தரையில் மோதி எகிறும். விளிம்பு பந்தின் நடுவில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி ஓடும். சாய்வு குறைந்த 8ஆம் எண் அயர்ன் மட்டையால் உருட்டுங்கள். கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான புட்டர் எடுத்தாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

கோர்ஸ்களில் முதலில் மேமத் டியூன்ஸ் (2018இல் திறந்தது, பார் 73; பார் என்பது ஒரு சுற்றை முடிக்க எதிர்பார்க்கும் அடிகளின் எண்ணிக்கை). அகலம் தாராளம், கை பழகும். அடுத்து 2017இல் திறந்த, ரிசார்ட்டின் பெயரையே கொண்ட சேண்ட் வேலி கோர்ஸ். செட்ஜ் வேலி பார் 68தானே என்று இளக்காரம் வேண்டாம். நீளத்தைவிடக் குறிதான் அங்கே முக்கியம். பொழுது மிஞ்சினால் 17 குட்டிக் குழிகள் கொண்ட சேண்ட்பாக்ஸ். அங்குள்ள இன்னொரு கோர்ஸான லிடோவில் ரிசார்ட் விருந்தினருக்கு இடம் குறைவு. அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள்.