முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்திருக்கிறேன், படுத்தபடியே ஆட என்ன கேம் நல்லது?

மிளகுக்கொடி:
எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். மிளகு பறிக்கும்போது சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணி வழுக்கிவிட்டது, மல்லாக்க விழுந்ததில் முதுகெலும்பில் இடுப்புப் பக்கம் இருக்கிற எல்1 எலும்பு நசுங்கிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், பெல்ட் போட்டால் போதும், குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று சேலத்தில் டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் காரில் படுத்தபடியே ஏறி வந்தது தனிக் கதை, அது இப்போது வேண்டாம்.

வலி பரவாயில்லை, பொழுதுதான் நகர மாட்டேன் என்கிறது. டிவி ரிமோட் அம்மா கையில். தங்கச்சி மகன் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் போட்டுக் கொடுத்தான், ஆனால் எவனாவது பின்னாலிருந்து சுட்டால் உடம்பு தானாகத் துள்ளுகிறது, துள்ளினால் உயிர் போகிறது. அதோடு இங்கே நாலு சொட்டு மழை விழுந்தாலே டவர் போய்விடும். சாதாரண ஆண்ட்ராய்டு போனும் அண்ணனின் பழைய லேப்டாப்பும் இருக்கின்றன. நெட் இல்லாமல், பதறாமல், படுத்துக்கொண்டே ஆடுகிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கொலுசுப் பட்டறை:
தம்பி, நான் சேலம் செவ்வாப்பேட்டை. நாள் பூராவும் குனிந்து உட்கார்ந்து கொலுசுக்குப் பற்றவைக்கிற வேலை, எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கிப் படுத்தவன்தான் நானும். உனக்கு எலும்பு, எனக்கு டிஸ்க், வைத்தியம் வேறு வேறு, ஆனால் படுக்கை ஒன்றுதானே.

ஸ்டார்டியூ வேலி என்கிற கேமைப் போடு. 2016இல் வந்தது, போனிலும் உண்டு, ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், விளம்பரத் தொல்லை கிடையாது, நெட்டும் வேண்டாம். தோட்டம் போடுவது, மீன் பிடிப்பது, ஊரார் வீட்டுக்குப் போய் வருவது, அவ்வளவுதான் ஆட்டம். நீ எஸ்டேட்காரன் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும்: அதில் காபிச் செடி 10 நாளில் காய்த்துவிடும், அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்துக்கொண்டே இருக்கலாம். நிழல் மரமும் கிடையாது, கவாத்தும் கிடையாது. மூணு நாலு வருஷம் காத்திருந்து முதல் காய் பார்க்கிற உனக்கு வயிறு எரியும்.

அந்த கேமில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிஷம். நான் அதையே கடிகாரமாக வைத்துக்கொண்டேன். கேமில் வருகிற ஆள் இரண்டு தடவை தூங்கப் போனால் நானும் போனை வைத்துவிட்டு எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வருவேன். அலாரம் வைத்தால் அணைத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிற ஆள் நான், இதற்கு மட்டும்தான் கட்டுப்பட்டேன்.

போனைக் கையில் தூக்கிப் பிடிக்காதே, மூஞ்சியில் விழும். கட்டிலில் கவ்வுகிற, பாம்பு மாதிரி வளைகிற ஸ்டாண்ட் வாங்கு, புளூடூத் கன்ட்ரோலர் ஒன்றும் வாங்கு. ஸ்க்ரீன் கண்ணுக்கு மேலே நிற்கும், கை இரண்டும் வயிற்றின்மேல் சும்மா கிடக்கும், தோள்பட்டை வலியே வராது.

அஞ்சு ரோடு:
பட்டறை அண்ணா சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். ஸ்டார்டியூவில் "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று ஆரம்பித்தால் விடிந்துவிடும், நாள் முடிந்தால்தானே சேவ் ஆகும் என்று நமக்கு நாமே சாக்குச் சொல்லிக்கொள்வோம். (போனில் நடுவில் வெளியே வந்தாலும் விட்ட இடத்தில் தொடரலாம், அதைச் சொன்னால் சாக்குப் போய்விடும்.)

என் ஓட்டு பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவுக்கு. பேர்தான் இந்தோனேசியா, நம் பசங்க போட்டிருக்கிற டிசைனில் தமிழ்நாட்டு பஸ் எல்லாம் ஓடுகிறது. கொட்டுகிற மழையில் வைப்பரைப் போட்டுவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டு போனால் மனசு லேசாகிவிடும். ஒன்று மட்டும் கவனிங்க, போனைச் சாய்த்து ஓட்டுகிற முறையை செட்டிங்கில் மாற்றிவிடுங்க. இல்லையென்றால் வளைவு வரும்போதெல்லாம் போனோடு சேர்ந்து இடுப்பும் திரும்பும்.

பிசியோ அக்கா:
அம்மாபேட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். கேம் ஆடுவதில் தப்பே இல்லை, வலியையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பதைவிட மேல். ஆனால் என்ன கேம் என்பதைவிட எப்படிப் படுத்து ஆடுகிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. நசுங்கிய எலும்புக்கு முன்பக்கம் வளைவதுதான் ஆகாது. நாலு தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி போன் பார்ப்பார்களே, அது குனிந்து உட்காருவதற்குச் சமம். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒன்று. எழும்போது கட்டை மாதிரி உடம்பு மொத்தமாகப் பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழவேண்டும். லேப்டாப்பை வயிற்றில் வைக்கவே வேண்டாம், தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கழுத்தும் போகும்.

ஆடும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள், ரத்த ஓட்டத்துக்கு நல்லது. டாக்டர் நடக்கச் சொன்ன அளவு கண்டிப்பாக நடங்கள். கால் மரத்துப்போனால், பாதம் தூக்க வராமல் தொங்கினால், தொடை இடுக்கில் உணர்வு குறைந்தால், சிறுநீர் வராவிட்டாலோ அடங்காவிட்டாலோ, கேமாவது ஒன்றாவது, உடனே மலையிலிருந்து கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ராத்திரி என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மிளகுக்கொடி:
அக்கா, நீங்கள் சொன்ன அந்த நாலு தலையணைதான் நேற்றுவரை. எடுத்துவிட்டேன். நடை தினமும் உண்டு, காபி காயப்போடும் களம் வரை போய் வருகிறேன். ஸ்டார்டியூ இறக்கியாயிற்று, 10 நாள் காபியைக் கேட்டு எங்கள் மேஸ்திரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! லேப்டாப்பைக் கட்டில் பக்கத்து மேஜையில் வைத்து, ஒருக்களித்து ஆடுகிற மாதிரி ஏதாவது உண்டா? மவுஸ் மட்டும் கைக்கு எட்டும்.

கொலுசுப் பட்டறை:
அப்படியென்றால் ஸ்லே த ஸ்பையர். சீட்டு வைத்துச் சண்டை போடுவது. உன் முறை வந்தால் நீ சீட்டுப் போடும்வரை எதிரி கல்லு மாதிரி நிற்பான், கஞ்சி குடித்துவிட்டு வந்துகூட யோசிக்கலாம். பாதியில் மூடினால் அந்தச் சண்டையின் தொடக்கத்தில் திரும்ப விடும், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அம்மாவையும் சேர்த்துக்கொள்ள ஆசையென்றால் வெண்பா என்று ஒரு கேம், 2023இல் வந்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்துக் கதை. கறை படிந்து கிழிந்துபோன சமையல் குறிப்பில் விட்டுப்போனதை நாமே கண்டுபிடித்து இட்லி, புட்டு எல்லாம் செய்யவேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், அந்தக் காசுக்கு அது சின்னதுதான், தள்ளுபடி வரும்போது வாங்கு.

அஞ்சு ரோடு:
அம்மாவைச் சேர்த்தால் ரிமோட்டும் கிடைக்கும், யோசிங்க.