78 வயசில் மூளைக்கட்டி ஆபரேஷன்: வேணுமா, வேண்டாமா?

தண்ணீர்மலை_மருமகன்:
அத்தைக்கு 78. இடது பக்க மூளையுறையில் மெனிஞ்சியோமா கட்டி. இது பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, ஆனால் மூளையை அழுத்துது, எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றார். "இந்த வயசில் மண்டையைத் திறக்கணுமா?"னு மாமா குதிக்கிறார். அத்தை போன தைப்பூசத்துக்கு இங்கே பினாங்கு தண்ணீர்மலையில் 500 படிக்கு மேல் தனியா ஏறியவர், இப்போ சுவரைப் பிடிச்சு நடக்கிறார்.

பட்டர்வொர்த்_பாலன்:
மாமா சொல்றதுதான் சரி. என் தாத்தாவுக்கும் கட்டியை நல்லாவே எடுத்தாங்க. அப்புறம் அவர் கட்டிலை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. கிளியோபிளாஸ்டோமாங்கிற கொடிய மூளைப் புற்றுக்கு 2005-ல் வந்த பெரிய ஆய்விலேயே 70 தாண்டினவங்களைச் சேர்க்கலை. சும்மாவா?

முன்னாள்_தாதி:
தம்பி, அது வேற கட்டி. அந்த ஆய்வும் ஆபரேஷன் பற்றியது இல்லை, கதிர்வீச்சு, புற்றுநோய் மாத்திரை பற்றியது. 2017-ல் 65க்கு மேற்பட்டவங்களுக்குன்னே தனியா நடத்தினாங்க: குறுகிய கதிர்வீச்சோடு மாத்திரையும் சேர்த்தப்போ பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம் 7.6 மாசத்திலிருந்து 9.3 ஆச்சு. ஆபரேஷனுக்குப் பிந்திய சிக்கலை வயசைவிட உடல் தளர்ச்சிதான் நல்லா காட்டும்னு பல ஆய்வுகள் வந்தாச்சு. ராக்வுட் தளர்ச்சி அளவுகோலில் 1 முதல் 9 வரை போடுவோம். அதில் பிறந்த வருஷத்தைக் கேட்கவே மாட்டோம்.

பட்டர்வொர்த்_பாலன்:
அக்கா, அந்தத் தளர்ச்சியை அளக்கவே ஐந்து கேள்விக் கணக்கு ஒண்ணு இருக்கே, கூடக் கூடத் தளர்ச்சி அதிகம்: இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, அன்றாட வேலைக்கு ஆள் துணை. அத்தைக்கு எத்தனை தேறும்?

தண்ணீர்மலை_மருமகன்:
இனிப்பு நீர், கொதிப்பு ரெண்டும் இருக்கு. குளிக்க ஆள் வேணும். மூணு.

பட்டர்வொர்த்_பாலன்:
பார்த்தீங்களா! உங்க கணக்கிலேயே மாட்டிக்கிட்டீங்க.

முன்னாள்_தாதி:
முதல் ரெண்டும் நம்ம ஆளுங்க பாதி வீட்டில் இருக்கு. அதை வெச்சு ஒருத்தர் ஓய்ஞ்சுட்டார்னு சொல்ல முடியுமா? மூணாவது, கட்டி செய்த வேலையா இருக்கலாம். நோய் தாக்கும் முன்னால் எப்படி இருந்தார்னு பார்த்துத்தான் மார்க் போடணும். மருமகன், ரெண்டு கையும் தளர்ந்துச்சா, ஒரு கையா?

தண்ணீர்மலை_மருமகன்:
வலது கை மட்டும்தான்! கேட்டதும்தான் ஞாபகம் வருது. அத்தை காலையில் இடியாப்பம் பிழிஞ்சு விற்பார். மூணு மாசம் முன்னாடி அச்சை இடது கைக்கு மாத்தினார். அச்சு சாய்ஞ்சு மாவு தட்டுக்கு வெளியே விழும். வயசாச்சுன்னு சிரிச்சோம்.

முன்னாள்_தாதி:
கட்டி இடது பக்கம், பலம் போனது வலது கை. மூளையின் இடது பக்கம்தான் வலது கையை ஆட்டுவிக்குது. முதுமை வந்தா ரெண்டு கையையும்தானே பிடிக்கும்? கட்டியைச் சுற்றின வீக்கம் வற்ற டெக்ஸாமெத்தசோன்னு ஒரு மருந்து கொடுப்பாங்க. சில நாள் கழிச்சு நடையைப் பாருங்க, தேறினா தளர்ச்சி கட்டியால் வந்ததா இருக்கலாம். இனிப்பு நீர் ஏறும், ஜாக்கிரதை.

பட்டர்வொர்த்_பாலன்:
சரி, கை விஷயத்தில் விட்டுக் கொடுக்கிறேன். ஆனா 78-ல் ஒரு வாரம் படுத்தாலே தொடைச் சதை கரைஞ்சுடும், சில பேர் ராத்திரியில் ஆள் தெரியாம புலம்புவாங்க. யார் கூட இருப்பா? தாத்தா விஷயத்தில் இதை யாரும் எங்ககிட்ட சொல்லலை. அத்தையைக் கேட்டீங்களா?

தண்ணீர்மலை_மருமகன்:
கேட்டேன். ஆபரேஷனுக்குப் பயமில்லையாம். "மொட்டை போடணும்னா முருகன்கிட்ட போட்டுக்கிறேன், ஆஸ்பத்திரிக்காரன் கத்தி வைக்கக் கூடாது"ங்கிறார். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், முதல் கேள்வி இதுதானாம்.