சீட் ரெக்ஸினில் படிந்த பெயிண்ட் தூசி: தின்னர் பக்கம் போகாதீர்கள்

எங்கள் பிரீமியர் பத்மினி கார் 1988 மாடல். டாப்புக்கு மட்டும் வெள்ளை அடிக்கச் சொல்லி கடலூரில் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். டாப் அருமையாக வந்திருந்தது. உள்ளேதான் வம்பு. கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டியவர்கள் கதவு இடுக்கை அப்படியே விட்டுவிட்டார்கள். மெரூன் சீட், டோர் பேட், டேஷ்போர்டு எல்லாம் விபூதி தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

பட்டறைப் பையன் தின்னர் நனைத்த துணியோடு வந்தான். "ஒரே துடைப்புல போயிடும் சார்." போகும்தான், கூடவே சீட்டும் போகும். ரெக்ஸின் என்பது துணிமேல் பூசிய பிவிசி. அதை மெத்தென்று வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பதமான ஒரு பொருள். தின்னர் பெயிண்டோடு அதையும் உருவிவிடும். அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும். அப்புறம் விறைத்துப்போய் தையல் ஓரமாக வெடிக்கும். பத்மினி உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது, அதே வரி போட்ட ரெக்ஸினுக்கு எங்கே அலைவது? வேண்டாம்ப்பா என்று வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஒரு நல்ல விஷயம், ஸ்பிரே தூசி காற்றிலேயே பாதி காய்ந்துதான் வந்து உட்காரும். பிடிப்பு குறைவு. முதலில் ஷாம்பு தண்ணீரால் மண்ணைக் கழுவினேன். வழவழப்பான இடங்களில் சோப்புத் தண்ணீர் தெளித்து, கார் பாலிஷ்காரர்கள் வைத்திருக்கும் களிமண் மாதிரியான கிளே கட்டியை அழுத்தாமல் தேய்த்ததும் சொரசொரப்பு போய்விட்டது. வரி வரியான இடத்தில் கிளே சிக்கிக்கொள்ளும். அங்கே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மெத்தென்ற பல் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து உடனே வெள்ளைத் துணியால் ஒற்றினேன். துணியில் வெள்ளைப் பொடி வந்தால் சரி. மெரூன் வந்தால் ரெக்ஸின் சாயமே கிளம்புகிறது, நிறுத்திவிட வேண்டும். சீட்டுக்கு அடியில் தெரியாத இடத்தில் சோதித்த பிறகே மேலே கை வைத்தேன். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

முதலியார்பேட்டை உறுப்பினர்:
அண்ணே, உங்களுடையது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டாக, அதாவது தின்னர் ஆவியாகிக் காயும் வகையாக, இருந்திருக்கும். என் அம்பாசடருக்கு அடித்தது 2கே. ஹார்டனர் கலந்து இறுகும் பெயிண்ட், ஆல்கஹால் எல்லாம் அதை ஒன்றும் செய்யவில்லை. வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டேன். ரெக்ஸின் இளகியதும் விரலால் லேசாக வளைத்தால் அது வளைகிறது, மேலே இருக்கிற புள்ளி வளைவதில்லை, ஓரம் கிளம்பிவிடும். பழைய ஏடிஎம் கார்டால் தள்ளிவிட்டேன். தையலுக்குள் போனது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

லாஸ்பேட்டை உறுப்பினர்:
ஒரு எச்சரிக்கை சார். மீட்டர் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் ஆல்கஹால் பட்டால் நூல் நூலாக விரிசல் விழலாம். அங்கே சோப்புத் தண்ணீரும் கிளேயும் மட்டும் போதும். அடுத்த முறை பட்டறையில் விடும்போது உள்பக்கம் முழுக்க பாலிதீன் ஷீட் போட்டு, கதவு இடுக்கை நீங்களே டேப் ஒட்டிவிட்டுக் கொடுங்கள்.