ஐபிஎஃப்எஸ்ஸை விட்டு வெளியே வரலாமா? பறவைக் குரல் தளத்தின் செலவு கட்டுப்படியாகவில்லை

கரிச்சான்:

வணக்கம் நண்பர்களே. பறவைக் குரல் பதிவுகளுக்கென்று ஒரு தளம் நடத்துகிறேன். விளம்பரம் இல்லை, சந்தா இல்லை, செலவு முழுவதும் என்னுடையது. ஏறத்தாழ 600 ஜிபி, எல்லாம் ஃப்ளாக் கோப்புகள் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி). ஆரம்பத்திலிருந்தே ஐபிஎஃப்எஸ்ஸில்தான் வைத்திருக்கிறேன், அதாவது ஒரே சர்வரை நம்பாமல் பலரின் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பில். 2017-ல் துருக்கியில் விக்கிப்பீடியா முடக்கப்பட்டபோது, துருக்கி மொழிப் பதிப்பின் பிரதி ஒன்றை ஐபிஎஃப்எஸ் வழியாகக் கிடைக்கச் செய்தார்கள். எனக்கு இதில் நம்பிக்கை வந்தது அதைப் பார்த்துத்தான். பலர் விடியலுக்கு முன் எழுந்து, கொசுக்கடியில் அசையாமல் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்த குரல்கள் இவை. என் டொமைன் போனாலும், நானே போனாலும் இவை எங்காவது கிடைக்க வேண்டும்.

இப்போது செலவு தாங்கவில்லை. நோடு (வலையமைப்பில் சேரும் என் கணினி) ஓடும் வாடகை சர்வருக்கு ஒரு தொகை, இரண்டாவது பிரதியை அழியாமல் பிடித்து வைக்கும், அதாவது பின் செய்யும், பின்னிங் சேவைக்கு ஒரு தொகை, ஐபிஎஃப்எஸ் கோப்புகளைச் சாதாரண வலைமுகவரியில் தரும் கேட்வே வழியே வெளியேறும் தரவுக்கு இன்னொன்று. கேட்பவர்களில் அநேகமாக எல்லோரும் சாதாரண உலாவியில் பக்கத்தைத் திறந்து பிளே பட்டனை அழுத்துபவர்கள். அவர்களுக்குப் போய்ச் சேர்வது எல்லா வலைத்தளங்களையும் போல எச்டிடிபி வழியாகத்தான். பின்னால் ஐபிஎஃப்எஸ் இருக்கிறது என்று தெரியக்கூட வாய்ப்பில்லை.

செலவை விட என்னை உறுத்துவது இது: ஐபிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடும் முகவரி உண்டு, அதுதான் சிஐடி. முழுத் தொகுப்புக்குமான என் மூல சிஐடியை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று டிஎச்டியில் (எது யாரிடம் இருக்கிறது என்று நோடுகள் பகிர்ந்து வைக்கும் பட்டியல்) தேடிப் பார்த்தேன். என் நோடு இருந்தது, நான் பணம் கட்டும் பின்னிங் சேவை இருந்தது, வேறு யாரும் இல்லை. போகிற போக்கில் யாராவது ஒரு கோப்பை எடுத்திருந்தாலும், பின் செய்யாவிட்டால் அவர்கள் நோடில் குப்பை நீக்கம் ஓடும்போது அது அழிந்துவிடும். ஆக, பரவலாக்கம் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது இரண்டு பிரதிகள். இரண்டுக்கும் நானே பணம் கட்டுகிறேன். நான் நிறுத்தினால் இரண்டும் ஒன்றாகப் போகும்.

இன்னொரு தொல்லை பழைய பதிப்புகள். ஒவ்வொரு கோப்பிலும் ஒலியை வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைச் சேர்த்தோம். கோப்பின் தலைப்பகுதி நீண்டதும் பின்னால் இருக்கும் பைட்டுகள் எல்லாம் நகர்ந்துவிட்டன. வழக்கமான அமைப்பில் ஐபிஎஃப்எஸ் கோப்பை 256 கேபி துண்டுகளாகத்தான் வெட்டுகிறது. பைட்டுகள் நகர்ந்ததால் ஒலியில் ஒரு மாற்றமும் இல்லாமலே எல்லாத் துண்டும் புதிய துண்டாகி, கோப்பின் சிஐடியும் மாறிவிட்டது. பழைய சிஐடியைக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதால் அதையும் பின் செய்தே வைத்திருக்கிறேன். மேலே சொன்ன 600 ஜிபியில் நல்ல பங்கு இப்படி இரட்டித்ததுதான்.

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (ஒரு நிறுவனத்தின் வாடகைக் கோப்புச் சேமிப்பு) மாறலாமா என்று யோசிக்கிறேன். மாறினால் பழைய இணைப்புகள் என்ன ஆகும்? பதிவு கொடுத்தவர்களுக்கு நான் தந்த உறுதி என்ன ஆகும்?

பின்னிரவு:

விடுவதற்கு முன் நோடைக் கொஞ்சம் கட்டுப்படுத்திப் பார்த்தீர்களா? டிஎச்டியில் சர்வராக இருந்தால் உலகத்தில் யாரோ கேட்கும் கேள்விக்கெல்லாம் உங்கள் இயந்திரம் பதில் சொல்லும். கிளையண்ட்டாக மட்டும் வையுங்கள். இணைப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு போடுங்கள். அப்புறம், ‘இந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது’ என்று நோடு செய்யும் அறிவிப்பு. 600 ஜிபி என்றால் 20 லட்சத்துக்கும் மேல் துண்டுகள். அத்தனையையும் 22 மணி நேரத்துக்கு ஒருமுறை வலையமைப்புக்கு மறுபடி மறுபடி அறிவித்துக்கொண்டிருக்கும். மூல சிஐடிகளை மட்டும் அறிவிக்கச் சொல்லும் அமைப்பு நோடு மென்பொருளான குபோவில் இருக்கிறது.

முக்கியமாக கேட்வேயைப் பாருங்கள். தன்னிடம் இல்லாததை வெளியிலிருந்து எடுக்காதே என்று சொல்லும் நோஃபெட்ச் அமைப்பைப் போடாவிட்டால் யார் எந்த சிஐடியைக் கேட்டாலும் உங்கள் சர்வர் வெளியிலிருந்து இழுத்துக் கொடுக்கும். யாரோ ஒருவரின் மோசடிப் பக்கம் உங்கள் டொமைனில் திறக்கும். தரவுக் கட்டணம் மட்டுமில்லாமல் டொமைனின் பெயரும் கெடும்.

கரிச்சான்:

நன்றி. நோஃபெட்ச் முதலிலிருந்தே இருக்கிறது. மற்றவற்றையும் செய்தேன். மெமரி நன்றாகக் குறைந்தது, சிறிய சர்வருக்கு இறங்க முடிந்தது. ஆனால் மூலத்தை மட்டும் அறிவித்தால், ஒரு தனிக் கோப்பின் சிஐடியை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அது கிடைக்காமல் போகலாம். கட்டுரைகளில் இருப்பவை பெரும்பாலும் அந்த மாதிரித் தனிக் கோப்புகளின் சிஐடிகள்தான். சேமிப்பிடத்துக்கும் பின்னிங்குக்கும் போகிற செலவு அப்படியேதான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:

கரிச்சான், பழைய இதழ்களை ஸ்கேன் செய்து வைக்கும் ஒரு தளத்தை இதே பாதையில் வெளியே கொண்டுவந்தவன் நான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளியே வாருங்கள். ஐபிஎஃப்எஸ் மோசம் என்பதால் சொல்லவில்லை. இன்னொருவர் விரும்பிப் பிரதி எடுத்து வைத்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். அந்த இன்னொருவர் உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவரைத் தேடுவதற்குச் செலவிட வேண்டிய பணமும் நேரமும் நோடுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சூழலும் மாறிவிட்டது. பிரேவ் உலாவி 2021-ல் ஐபிஎஃப்எஸ்ஸை உள்ளேயே கொடுத்தது, 2024-ல் எடுத்துவிட்டது. கிளவுட்ஃப்ளேர் 2018-ல் தொடங்கிய பொது கேட்வேயும் அதே 2024-ல் வேறு கைக்குப் போனது. வாசகர் தன் உலாவியிலேயே நோடு வைத்திருப்பார் என்ற எதிர்பார்ப்பில் இனி திட்டம் போட முடியாது.

எப்படி வெளியே வருவது என்பதில்தான் கவனம் வேண்டும். எந்தப் பின்னையும் நீக்குவதற்கு முன் ஒரு பட்டியல் தயாரியுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் பழைய சிஐடி, புதிய பாதை, கோப்பின் எஸ்எச்ஏ-256 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ், கைரேகை மாதிரி). சிஐடியே ஹாஷ்தானே, இரண்டும் எதற்கு என்று தோன்றும். பெரிய கோப்பின் சிஐடி என்பது துண்டுகளைக் கோத்த மரத்தின் உச்சிக்கான ஹாஷ். துண்டின் அளவையோ சிஐடியின் பதிப்பையோ மாற்றினால் அதே கோப்புக்கு வேறு சிஐடி வரும். நாளைக்கு ஒருவர் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு சரிபார்க்க நினைத்தால் சாதாரண எஸ்எச்ஏ-256 தான் கைகொடுக்கும். சிஐடி பழைய மேற்கோளைக் கண்டுபிடிக்க.

உங்களிடம் இருப்பது ஃப்ளாக் என்பது பெரிய வசதி. ஃப்ளாக் கோப்பின் தலைப்பில் வழக்கமாகச் சுருக்கப்படாத ஒலிக்கான எம்டி5 (இன்னொரு வகை ஹாஷ்) இருக்கும். படம் சேர்த்தாலும் பெயர் திருத்தினாலும் அது மாறாது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் இதை வைத்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் ஒலி ஒன்றேதான், ஒரு பிரதி போதும், பழைய சிஐடியைப் புதிய கோப்புக்கு அனுப்பிவிடலாம். ஒத்துப்போகாதவற்றை மட்டும் இரண்டாக வையுங்கள். சேமிப்பில் பெரிய குறைப்பு உங்களுக்கு இங்கேயே கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

இணைப்புகளைப் பொறுத்தவரை, உங்கள் சொந்த கேட்வே டொமைனில் இருக்கும் முகவரிகளை எல்லாம் காப்பாற்றலாம். அந்தப் பட்டியலை வலைச் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸுக்கு மேப் கோப்பாகக் கொடுத்து, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பம் போட்டால் போதும், நோடு வேண்டாம். பொது கேட்வே முகவரியை யாராவது மேற்கோள் காட்டியிருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த டொமைன் நம்முடையதல்ல. அதனால் சிஐடியைக் கொடுத்தால் கோப்பைக் காட்டும் ஒரு தேடல் பக்கத்தைத் தளத்தில் வையுங்கள். மேற்கோள் காட்டியவர்களில் தெரிந்தவர்களுக்கு எழுதுங்கள். டொமைனை சிஐடியோடு இணைக்கும் பழைய டிஎன்எஸ்லிங்க் குறிப்பை நீக்கவும் மறந்துவிடாதீர்கள்.

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜைத் தேர்ந்தெடுக்கும்போது சேமிப்புக் கட்டணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் மாதிரி ஒலித் தளத்துக்கு வெளியேறும் தரவுதான் செலவு. அதற்குக் கட்டணமே வாங்காத சேவைகளும், சேமித்த அளவின் சில மடங்கு வரை விட்டுக்கொடுப்பவையும் இருக்கின்றன. பக்கத்தில் பிளே செய்வதற்கு அளவு குறைந்த ஓபஸ் வடிவப் பிரதி ஒன்று வையுங்கள், ஃப்ளாக் பதிவிறக்கத்துக்கு மட்டும். ஆனால் ஒன்று: அவர்கள் விளம்பரத்தில் சொல்லும் நீடித்த பாதுகாப்பு வட்டு பழுதானால் காக்கும். கணக்கு முடக்கப்பட்டாலோ, அட்டை காலாவதியானாலோ காக்காது.

வலைக்கண்ணி:

எனக்கு இந்த முடிவில் முழு சம்மதம் இல்லை. நானும் வேறொரு தளத்துக்குப் பதிவுகள் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் அது சொல்லாமல் கொள்ளாமல் மூடியது, என் பதிவுகளும் அதோடு போயின. ஒரே நிறுவனத்தின் ஒரே பக்கெட்டில் (ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் கோப்புகள் இருக்கும் தொட்டி) எல்லாம் இருக்கிறது என்று சொன்னால், கொடுத்தவர் மனதில் அந்தப் பயம்தான் வரும். பணம் வாங்கிக்கொண்டு பலர் தங்கள் வட்டில் சேமித்து வைக்கும் வலையமைப்பான ஃபைல்காயின் பாருங்களேன்?

ஏட்டுச்சுவடி:

உங்கள் பயம் நியாயமானது. ஃபைல்காயினில் சேமிப்பு ஒப்பந்தத்துக்குக் காலவரம்பு உண்டு, யாராவது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரிச்சான் இல்லாத நாளில் யார் புதுப்பிப்பார்?

நான் செய்தது டொரண்ட். தொகுப்பைச் சில பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெப்சீட் முகவரியோடு (அதே கோப்புகள் இருக்கும் சாதாரண வலைமுகவரி) ஒரு டொரண்ட் கோப்பு. யாரும் சீட் செய்யாத, அதாவது தங்கள் பிரதியை மற்றவர்களுக்குப் பகிராத நாளில் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜிலிருந்தே நேரடியாக இறங்கும், பலர் சீட் செய்தால் அவர்களிடமிருந்தும் வரும். ஸ்டோரேஜ் போய்விட்டால் சீட் செய்பவர்கள் போதும். நோடும் வேண்டாம், டிஎச்டி அறிவிப்புக்காக ஒரு பெரிய சர்வரும் வேண்டாம். வெப்சீட் முகவரி சாய்கோட்டில் முடிய வேண்டும், அதன் கீழ் டொரண்ட்டின் பெயரிலேயே கோப்புறை இருக்க வேண்டும். இது சரியாக இல்லாவிட்டால் வெப்சீட் வேலை செய்யாமல் பேசாமல் கிடக்கும். டொரண்ட்டும் உள்ளடக்கம் மாறினால் உடைந்துவிடும் என்பதால், திருத்தம் முடிந்த பாகங்களை மட்டும் மூடிக் கட்டுங்கள்.

பதிவுகளின் உரிமம் அனுமதித்தால் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஏற்றுங்கள். ஸெனோ-கான்டோ 2005-லிருந்து இதே வேலையைத்தான் செய்கிறது, அங்கும் சேரலாம்.

கரிச்சான்:

வலைக்கண்ணி சொன்னதுதான் என்னை இவ்வளவு காலம் நிறுத்தி வைத்திருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு என் நோடு பதிலாக இல்லை என்பதும் இப்போது தெளிவாகத் தெரிகிறது. பதிவுகள் கிரியேட்டிவ் காமன்ஸில் வந்தவை, வணிகப் பயன்பாட்டுக்கு மட்டும் தடை. அதனால் ஆர்க்கைவில் ஏற்றத் தடை இல்லை. இருந்தாலும் கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவேன்.

ஃப்ளாக்கின் எம்டி5 விஷயம் எனக்குப் புதிது. சில கோப்புகளில் ஓட்டிப் பார்த்தேன், படம் சேர்க்கும் முன்பும் பின்பும் ஒன்றாகவே வருகிறது. பட்டியலுக்கான ஸ்கிரிப்டை எழுத ஆரம்பித்துவிட்டேன். அது முடிந்து, இரண்டாவது இடத்தில் பிரதி சரிபார்க்கப்பட்ட பிறகுதான் பின்னிங் சேவையை நிறுத்துவேன். நோடு அதற்கப்புறமும் கொஞ்ச காலம் ஓடட்டும், மேற்கோள் காட்டியவர்கள் முகவரியை மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும்.

டொரண்ட்டுகளைப் பறவைக் குடும்பவாரியாகக் கட்டுகிறேன், ஒவ்வொன்றும் 50 ஜிபிக்குள் இருக்கும். வட்டில் இடம் இருக்கிறவர்கள் எந்தப் பாகம் வேண்டும் என்று இங்கேயே எழுதுங்கள். பதிவு கொடுத்தவர்களிடமும் கேட்டேன். தங்கள் குரல்கள் இருக்கும் பாகத்தை வைத்துக்கொள்வதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். வலைக்கண்ணி, ஆந்தைகளும் பக்கிகளும் இருக்கும் இரவுப் பாகத்துக்குத்தான் இன்னும் ஆள் இல்லை. நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?