தேய்தடம்: தடப்பள்ளத்துக்கு மாற்று

வணக்கம்.

பின்லாந்து, சுவீடன் சாலைகளில் ஆணி டயர் (பனியில் வழுக்காதிருக்க உலோக ஆணி பதித்த குளிர்கால டயர்) உண்டாக்கும் நீளப் பள்ளத்துக்குத் 'தடப்பள்ளம்' என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. மாற்றலாம். வெயிலில் இளகிய தார்க்கலவையை லாரிகள் அழுத்தி ஓரங்களுக்குப் பிதுக்குவதும் தடப்பள்ளம்தான். ஆணி டயரில் நடப்பது வேறு. டங்ஸ்டன் கார்பைடு முனை முதலில் ஜல்லிக்கு இடையிலுள்ள தார்ச்சாந்தைக் கொத்தி எடுக்கும், பிறகு ஜல்லியையே அரைத்துத் தூசாக்கும். ஒரே பெயர் என்றால் வைத்தியம் மாறிப்போகும்.

மட்டப்பலகையைக் குறுக்கே வைத்தாலே தெரியும். பள்ளத்தின் ஓரம் மேடிட்டிருந்தால் பிதுக்கம். பழைய மட்டத்திலேயே இருந்தால் தேய்வு. இரு பள்ளங்களின் நடுவுக்கு நடு இடைவெளி, கார் ஆணிகளின் தேய்வு என்றால் ஏறக்குறைய 1.5 மீட்டர், லாரிகளின் பிதுக்கம் என்றால் 1.8.

'தேய்தடம்', 'பிதுங்குதடம்' சரிவருமா?

*

தேய்தடம் நன்று ஐயா. ஊறுகாய் போல வினைத்தொகை. 'தேய்த்தடம்' என்று ஒற்றுப் போட்டுவிட வேண்டாம். ஆனால் பள்ளத்தை மட்டும் நிரப்பினால் போதாதா? பிரிப்பதால் என்ன பயன்?

*

பிதுங்குதடத்தில் கலவையே கெட்டது. கெட்ட அடுக்கு முழுவதும் போக வேண்டும். தேய்தடத்தில் அடிப்பகுதி பெரும்பாலும் நன்றாக இருக்கும், மேலே 40 மி.மீ. செதுக்கினால் போதும். (செதுக்கும் எந்திரத்துக்குச் 'சுரண்டல் எந்திரம்' என்ற பெயர் வேண்டாம், துண்டுப்பிரசுர வாடை அடிக்கிறது.) தூசியை அறவே நீக்கி, சதுர மீட்டருக்குச் சுமார் 0.3 கிலோ தார் எஞ்சும்படி குழம்புத்தார் (நீரோடு குழம்பாகக் கலந்த தார்) தெளித்து, அது பழுப்பு மாறிக் கறுத்த பின் புதுக்கலவை. 40 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 96 கிலோ பிடிக்கும்.

செதுக்காமல் நிரப்பினால் ஓரத்தில் கனம் பூச்சியமாகிவிடும். 16 மி.மீ. ஜல்லி அங்கே எப்படி உட்காரும்? மெல்லிய ஓரம் ரோலர் வருவதற்குள் ஆறிவிடும், இறுகாது. அடுத்த குளிரில் ஆணி முதலில் பெயர்ப்பது அதைத்தான்.

ஜல்லியும் முக்கியம். ஆணிக்குக் கல் எவ்வளவு தேயும் என்று அளக்கும் நோர்டிக் தேய்ப்புச் சோதனையில் (எண் கூடினால் தேய்வு கூடும்) 7-க்கு மேல் போகிற கல்லை நெரிசல் சாலையில் போட்டால் செலவு வீண்.

*

அப்படியானால் இன்னொரு சொல்லும் தேவை. 1960-களில் ஜெர்மனியில் ஆணி டயரைத் தாங்கவென்றே உருவான கலவை, பெரிய ஜல்லிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, இடையில் நார் கலந்த தார்ச்சாந்து. (1975-இல் அங்கே ஆணி டயருக்கே தடை வந்தது, கலவை நிலைத்துவிட்டது.) எலும்புக்கூடு போலக் கற்கூடு, 'கற்கூட்டுத் தார்' என்கிறேன். 'கூட்டு' என்றதும் பொரியல் நினைவு வந்தால் வேறு சொல்லுங்கள்.